பத்தொன்பது என்று பழக்கப்பட்டவள்

ஜெயப்ரியா எங்கள் ஏஜென்சிக்கு வேலை கேட்டு வந்தபோது அவளுக்குப் பதினாறு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. படிவத்தில் வயது என்ற இடத்தில் நான் பத்தொன்பது என்று எழுதினேன். அது 2007 ஜனவரி. அதே வருடம் ஜூன் மாதம் அவளைப் பெரியவர்களுக்கான ஜெயிலில் கொண்டுபோய் வைத்தார்கள். ஐம்பத்து மூன்று நாள் அங்கே இருந்தாள். வழக்கு அதற்குள் விசாரணைக்குக் கூட வரவில்லை.

அவள் பிறந்தது கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில். அப்பா வடிவேலு கடலுக்குப் போகிறவர். அம்மா பாப்பா மீன் விற்கிறவள். கரையில் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் வரும் பஸ்ஸில் ஏறுவாள். மீன் கூடையை எந்தக் கண்டக்டருக்கும் பிடிக்காது. பாப்பா கூடையை முதலில் படியில் ஏற்றிவிட்டு அப்புறம்தான் பேச்சுக் கொடுப்பாள். "தண்ணி சொட்டுச்சின்னா என் சேலையாலயே தொடச்சி வுடறேன். நீ விசில் ஊது நைனா." செம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாலு காலனித் தெருக்கள் அவளுடைய பன்னிரண்டு வருட வாடிக்கை.

சுனாமியில் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வடிவேலுவின் ஃபைபர் படகு இரண்டாக உடைந்தது. வீடு போனது. வீட்டிலிருந்த தகரப் பெட்டியும் போனது. அதற்குள் கல்யாணச் சேலை, ரேஷன் கார்டு, இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். ரேஷன் கார்டு மட்டும் புதிதாக வாங்கினார்கள். மற்றக் காகிதங்கள் என்றைக்காவது வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வடிவேலு அடுத்தவர் படகில் கூலிக்குப் போக ஆரம்பித்தார். தற்காலிகக் குடியிருப்பின் தகரக் கூரைக்குக் கீழே தம்பி கார்த்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஜெயப்ரியா ஒன்பதாவது பரீட்சை எழுதிவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள். கார்த்தி கொஞ்சம் வளர்ந்ததும் பாப்பா அவளை எங்களிடம் கூட்டி வந்தாள்.

ஏஜென்சி சேலையூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்குப் பெண்களை அனுப்பும் வேலை. முதலாளி ராஜகோபாலன். மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வார்டு நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வருகிற பெண்களுக்குப் பதினைந்து நாள் பயிற்சி கொடுப்பேன்.

"வயசு?" என்று கேட்டேன்.

"போன ஐப்பசிக்குப் பதினாறு முடிஞ்சிச்சி சிஸ்டர்," என்றாள் பாப்பா.

"பதினெட்டு ஆனாத்தான் இங்கே எடுப்பாங்க."

"அப்போ பதினெட்டுன்னு போட்டுக்க. இன்னா இப்போ? ஆளப் பாரு, என்னவிட ஒசரம்."

உண்மைதான். ஜெயப்ரியாவுக்கு நல்ல உயரம், அகலமான தோள். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க அவை இரண்டும்தான் வேண்டும். பக்கத்து மேசையிலிருந்து ராஜகோபாலன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "பதினெட்டுன்னு போட்டா ஃபேமிலில சந்தேகப்படறாங்க சிஸ்டர். பத்தொன்பதுன்னு போடுங்க. பத்தொன்பதை ஒருத்தரும் நோண்ட மாட்டாங்க."

எழுதினேன். அத்தோடு விடவில்லை. புதிதாகப் போகும் வீட்டில் முதலில் கேட்பது வயதைத்தான். தயங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, மூக்குக் குழாயில் கஞ்சி கொடுப்பது, மெத்தையை விட்டு எழுப்பாமலே விரிப்பு மாற்றுவது, இவற்றோடு இதையும் பழக்கினேன்.

"வயசு?"

"பத்... பத்தொம்பது."

"யோசிக்கக் கூடாது. வயசு?"

"பத்தொம்பது சிஸ்டர்."

பாப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கரையில ஏலம் வுடற மாரியே சொல்றா பாரு."

ஒரு வாரத்தில் போட்டோ ஒட்டிய அட்டை வந்தது. பெயர், ரத்த வகை, வயது 19. ஜெயப்ரியா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

செம்பாக்கத்தில் வேதா அம்மா வீட்டுக்கு அவளை அனுப்பினோம். அது பாப்பா கூடை இறக்காத தெரு. அங்கே மீன் வாங்குகிறவர்கள் இல்லை. வேதா அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பக்கவாதத்தில் இடது பக்கம் முழுதும் அசைவில்லை. மகன் சத்யநாராயணன் கம்பெனி ஒன்றில் கணக்கு அதிகாரி, மருமகள் விஷ்ணுப்ரியா பள்ளி ஆசிரியை. நல்ல மனிதர்கள். வேளா வேளைக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், குரலை உயர்த்திப் பேசியதில்லை. மாதம் ஒருமுறை நான் போய்ப் பார்ப்பேன். வேதா அம்மாவின் முதுகில் படுக்கைப் புண்ணுக்கான ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்லை. என் தொழிலில் அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

ஜூன் பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை வேதா அம்மாவின் கழுத்துச் செயின் காணாமல் போனது. வீடு முழுக்கத் தேடினார்கள். ஜெயப்ரியாவின் பையையும் கொட்டிப் பார்த்தார்கள். இல்லை. சத்யநாராயணன் ஏஜென்சிக்குப் போன் செய்தார். ராஜகோபாலன் நிதானமாகப் பதில் சொன்னார். "நீங்க கம்ப்ளெயின்ட் குடுத்துக்கங்க சார். வீட்டுல நடக்கறதுக்கு ஏஜென்சி பொறுப்பில்லன்னு அக்ரிமென்ட்லயே இருக்கு." சத்யநாராயணன் புகார் கொடுத்தார். போலீஸ் வந்து அவளை ஜீப்பில் ஏற்றியது.

பாப்பாவுக்குத் தெருவில் வைத்தே விஷயம் தெரிந்துவிட்டது. விற்றது பாதி, விற்காதது பாதியாகக் கூடையோடு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். நான் போனபோது ஏட்டு தனசேகரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மொதல்ல அந்தக் கூடைய தூரமா வை. ஸ்டேஷனே நாறுது."

"மீன் நாறத்தான் செய்யும் சார். எம்பொண்ணு எங்க?"

"உள்ள கீது. டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்கல." அவர் குரலைத் தாழ்த்தினார். "நிஜத்தச் சொல்லு, பொண்ணுக்கு இன்னா வயசு?"

பாப்பா வாயைத் திறந்து மூடினாள். ஏட்டுக்கு அது போதுமாயிருந்தது.

"நல்லதுக்குச் சொல்றேன் கேட்டுக்க. கார்டுல பத்தொம்பதுன்னு கீது. அதுவே இருந்துட்டுப் போட்டும். பெரிய பொண்ணுன்னா பதினஞ்சி நாள்ல ஜாமீன், வூட்டுக்கு வந்துடும். சின்னப் பொண்ணுன்னா கவர்மென்ட் ஹோம்ல போட்டுருவான். இருபத்தோரு வயசு வரைக்கும் வெளிய வுட மாட்டான். அதுவுமில்லாம, பதினெட்டு ஆவாத பொண்ண வேலைக்கு அனுப்பினேன்னு உன்னையும் சேத்து உள்ள தள்ளுவாங்க. வூட்ல சின்னப் புள்ள எதுனா கீதா?"

"ஒரு பையன் சார். நாலாவது படிக்கிறான்."

"அவன யாரு பாத்துக்குவா? யோசனை பண்ணிக்க."

தனசேகர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் கேள்விப்பட்டதைச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குச் சட்டம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் காய்ச்சல், புண், மலச்சிக்கல். பாப்பா என்னைப் பார்த்தாள். நானும் பேசாமல் இருந்தேன்.

மறுநாள் காலை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள்.

"பேர்?"

"ஜெயப்ரியா."

"வயசு?"

"பத்தொம்பது."

யோசிக்கவில்லை, தயங்கவில்லை. மாஜிஸ்திரேட் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்றது உயரமான, தோள் அகன்ற பெண். எழுதிக்கொண்டார். பதினைந்து நாள் ரிமாண்ட் என்று சொல்லி, சென்னைக்கு வடக்கே இருந்த பெண்கள் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

குப்பத்திலிருந்து அந்த ஜெயிலுக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டும். பார்க்கிறவர்கள் காலையில் போய் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் காத்திருக்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது மதியமாகிவிடும். உள்ளே இரண்டு கம்பி வலைகள். ஒன்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இன்னொன்றுக்கு இந்தப் பக்கம் நாம், நடுவில் ஒரு கை நீட்டினாலும் எட்டாத இடைவெளி. இருபது குடும்பங்கள் ஒரே நேரத்தில் கத்தும். வடிவேலு ஒருமுறை வந்தார். வாசல் மரத்தடி வரைக்கும்தான். "நீ போய்ப் பாத்துட்டு வா, நான் கீறேன்" என்று பாப்பாவை அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பதினைந்து நாள் முடிந்தது. இன்னொரு பதினைந்து நாள் நீட்டினார்கள். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காக வாரம் ஒருமுறை ஜெயிலுக்கு வரும் சாவித்ரி என்ற இலவச சட்ட உதவி வக்கீல் ஜெயப்ரியாவின் வழக்கை எடுத்துக்கொண்டார். இருபதாவது நாள் ஜாமீன் வாங்கியும் கொடுத்தார். பாப்பா அன்றைக்கே மகளைக் கூட்டிப்போக மாற்றுத் துணியோடு வந்திருந்தாள்.

"இல்லம்மா, இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் சாவித்ரி. "ரெண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடணும். சொந்தப் பேர்ல வீடோ நிலமோ இருக்கணும். பத்திரமும் வரி ரசீதும் காட்டணும்."

குப்பத்தில் எல்லோருக்கும் வீடு இருந்தது, யாருக்கும் பத்திரம் இல்லை. இருந்த வீடும் சுனாமியோடு போயிற்று. புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள், சாவி யார் கைக்கும் வரவில்லை. பத்திரம் உள்ளவர்கள் என்று பாப்பாவுக்குத் தெரிந்தவர்கள் மீன் வாங்கும் காலனிக்காரர்கள் மட்டும்தான். கூடையோடு அந்த நாலு தெருவும் ஏறி இறங்கினாள். நானும் ஒரு தெரு வரை போனேன்.

"உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறோம் பாப்பா," என்றார் ஒரு அம்மாள். "ஆனா இவர் கவர்மென்ட் வேலை. கோர்ட், கேஸ்னு பேர் வந்தா பிரமோஷன் பாதிக்கும்."

"புரியுதும்மா."

"தப்பா நினைச்சுக்காதே. சங்கரா மீன் ஃப்ரெஷ்ஷா?"

"செவுளத் தூக்கிப் பாரும்மா. பொய் சொன்னா நாளைக்கு இந்தத் தெருவுக்கு வர முடியுமா நானு?"

சங்கராவை எடை போட்டுக் கொடுத்தாள். அடுத்த வீட்டில் நாய் குரைத்ததே தவிர யாரும் வெளியே வரவில்லை. வாரம் தவறாமல் வஞ்சிரம் வாங்கும் வீடு அது. மூன்றாவது வாசலில் கேட்கவே இல்லை, மீனை மட்டும் விற்றாள். "வாய் வரமாட்டேங்குது சிஸ்டர்," என்றாள்.

இருபத்தேழாவது நாள் பாப்பாவோடு நான் மனு போட்டேன். ஜெயப்ரியா வலைக்கு வந்தாள்.

"சாப்டியாடி?"

"சாப்டேம்மா!"

"இன்னாது?"

"சாப்டேன்னேன்!"

கன்னம் ஒட்டியிருந்தது. நாலைந்து கிலோ குறைந்திருப்பாள் என்று கண்ணால் எடை போட்டேன். கையைத் தூக்கி வலையில் வைக்கச் சொன்னேன். விரல் இடுக்கெல்லாம் சொறி. சொரிந்து சொரிந்து சில இடத்தில் சீழ் வைத்திருந்தது. மருந்து கொடுத்தார்களா என்று கேட்டேன்.

"ஒரு வெள்ளத் தண்ணி குடுத்தாங்க சிஸ்டர். அத்த பேபியக்கா வாங்கிக்கிச்சி."

"யார் அது?"

"என்னோட ஹால்ல கீது. நல்லாத்தான் பேசும். அதுக்கு நான் துணி தோச்சிக் குடுக்கணும், காலு அமுக்கணும். இல்லாங்காட்டி பாத்ரூமாண்ட படுக்கச் சொல்லும்." பிறகு கொஞ்சம் சந்தோஷமாகவே கத்தினாள்: "வெளிய வந்தா வேலை தரேன்னு சொல்லியிருக்குது சிஸ்டர்! சிட்டில ஒரு வூடு எடுத்து வெச்சிகினு கீதாம். பொண்ணுங்க எல்லாம் தங்கியிருக்காங்களாம். கிழவிங்க பீ மூத்திரம் அள்ற வேலையெல்லாம் இல்லியாம்!"

பாப்பாவுக்கு இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. வெளியே வரும்போது வாசல் வார்டரிடம் பேபி எந்தக் கேஸில் இருக்கிறாள் என்று கேட்டேன். "அதுவா? பொம்பளைங்கள வெச்சுத் தொழில் பண்ற கேஸு. மூணாவது தடவ வந்திருக்கு," என்றாள் அந்தப் பெண்.

ஜெயில் சுவரோரம் பஸ் ஸ்டாப்பில் சாவித்ரி நின்றிருந்தார். பாப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். நான் சொல்லிவிட்டேன். அவளுக்கு வயது பத்தொன்பது இல்லை, பதினாறு முடிந்து எட்டு மாதம் என்று.

சாவித்ரி கையிலிருந்த ஃபைல்களை ஸ்டாப் பெஞ்சில் வைத்தார். "இருபத்தேழு நாளா இதை வயித்துக்குள்ள வெச்சிட்டு இருந்தீங்களா ரெண்டு பேரும்?"

"ஹோம்ல போட்டா இருபத்தோரு வயசு வரைக்கும்..." என்று பாப்பா ஆரம்பித்தாள்.

"யார் சொன்னது?"

"ஏட்டு சொன்னாரு மேடம்."

"பதினெட்டு முடியாத பொண்ணை ஜெயில்ல ஒரு நாள் வைக்கக் கூடாதும்மா. ஒரு நாள். அவங்களுக்குன்னு தனியா இளைஞர் நீதிக் குழுமம் இருக்கு. தனி இல்லம் இருக்கு. அம்மா அப்பா வந்து எழுதிக் குடுத்தா வீட்டுக்கே அனுப்பலாம். பத்திரம், ரசீது எதுவும் வேண்டாம்."

"என்ன உள்ள வெப்பாங்கன்னாரு."

"எதுக்கு?"

"பதினெட்டு ஆவாம வேலைக்கு அனுப்புனதுக்கு."

"பதினாலு முடிஞ்ச பொண்ணு வீட்டு வேலைக்குப் போறது குத்தமே இல்ல. பதினெட்டுங்கறது இவங்க ஏஜென்சியில போட்ட ரூல்."

பாப்பா பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ பதினாறுன்னே சொல்லியிருக்கலாமா மேடம்?"

"சொல்லியிருக்கலாம்."

"மொத நாளே?"

"மொத நாளே."

எங்கள் பஸ் வந்தது, நின்றது, போனது. பாப்பா எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் ஏறினோம்.

உண்மை தெரிந்துவிட்டது, ஆனால் அதற்கு ஒரு காகிதம் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கடலோடு போயிற்று. நகல் கேட்டு எழுதிப் போட்டதற்குப் பதிலே வரவில்லை. மிச்சமிருந்தது பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியர் ஏசுபாதம் பயிற்சிக்காகச் செங்கல்பட்டு போயிருந்தார். அவர் வந்தால்தான் பீரோ திறக்கும் என்றார்கள். பத்து நாள் அதில் போனது. வந்ததும் மனிதர் தாமதிக்கவில்லை. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

"டி.சி. கூட வாங்காம போயிட்டாளேம்மா. இன்னும் பேரை நான் அடிக்கல பாரு. நீண்ட நாள் வராதவர்னு போட்டு வெச்சிருக்கேன்." விரலால் வரியைத் தொட்டுக் காட்டினார். பிறந்த தேதி 3.11.1990. "இப்போ எங்க இருக்கா?"

பாப்பா சொன்னாள். ஏசுபாதம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சான்றிதழ் எழுதி முத்திரை வைத்தார். ஒன்றுக்கு மூன்றாக.

சாவித்ரி மனுத் தாக்கல் செய்தார். எதிர்த்தரப்பில், அவளே பத்தொன்பது என்று சொல்லியிருக்கிறாள், அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அவளை நேரில் கொண்டுவரச் சொல்லி உத்தரவாகியது. சாவித்ரி அதற்கு முன்னால் ஜெயிலுக்குப் போய் அவளிடம் பொறுமையாகச் சொல்லிவிட்டு வந்தார்: கேட்டால் உண்மை வயதைச் சொல்லு, பயப்படாதே. அவளும் தலையாட்டினாளாம்.

அது ஐம்பத்து மூன்றாவது நாள், புதன்கிழமை. கோர்ட் ஹாலில் உட்கார இடமில்லை. பாப்பா அன்றைக்குக் கூடை எடுக்கவில்லை. பின்சுவரோரம் நின்றோம். ஜெயப்ரியாவை இரண்டு பெண் போலீஸ் கூட்டி வந்தார்கள். மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"உன் வயசு என்னம்மா?"

"பத்தொம்பது."

அதே வேகம். அதே குரல். சாவித்ரி திரும்பி எங்களைப் பார்த்தார். அரசு வக்கீல் எழுந்து நிற்கத் தொடங்கினார். அதற்குள் பாப்பா கத்திவிட்டாள். ஏரிக்கரைத் தெருக்களில் மீனேய் என்று கூவும் அதே குரல்.

"பொய் சொல்றா சார்! எம்பொண்ணு பொய் சொல்றா!"

"யாரும்மா அது? சைலன்ஸ்," என்று ஒருவர் அதட்டினார்.

"நான்தான் சார் பெத்தவ! எனக்குத் தெரியாதா? ஐப்பசி மாசம், அடமழ, அஞ்சி நாளா யாரும் கடல்ல எறங்கல. அன்னிக்குப் பொறந்தா. வேலைக்காவ வயசக் கூட்டிச் சொன்னது நாங்க. என்னைய வோணா உள்ள வையி. அவளுக்குப் பதினாறுதான் சார்!"

ஹாலில் சிலர் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பாப்பாவை முன்னால் வரச் சொன்னார். பிறகு ஜெயப்ரியாவிடம் கேட்டார்: "பதினாறுன்னு உங்க அம்மா சொல்றாங்க. நீ ஏன் பத்தொன்பதுங்கறே?"

"கார்டுல அப்படித்தான் சார் கீது."

"கார்டுல யார் எழுதினது?"

நான் எழுதினேன் என்று சொன்னேன். எதற்காக என்றும் சொன்னேன். ராஜகோபாலன் மறுநாளே என்னை வர வேண்டாம் என்றார். அது இங்கே தேவையில்லாத விஷயம். மாஜிஸ்திரேட் பள்ளிச் சான்றிதழை வைத்துக்கொண்டு, அன்றைக்கே அவளை ஜெயிலிலிருந்து மாற்ற உத்தரவு போட்டார்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிற்பாடு ஒருநாள் அவளைக் கேட்டேன். ஹோமைப் பற்றிப் பேபியும் ஏட்டு சொன்னதையே சொல்லியிருந்தாள். "ஜெயிலு தெரிஞ்சிபோச்சி சிஸ்டர்," என்றாள். "எந்தத் தண்ணி எப்போ வரும், யாராண்ட பேசணும், யாராண்ட பேசக்கூடாது, எல்லாம் தெரிஞ்சிபோச்சி. ஹோம் எப்படியிருக்கும்னு தெரியல. வாயில பத்தொம்பதுன்னு வந்துடுச்சி."

சிறுமிகளுக்கான அரசு இல்லத்தில் பன்னிரண்டு நாள் இருந்தாள். அங்கேயும் கேட் பூட்டித்தான் இருந்தது. ஆனால் சொறிக்கு மருந்து தடவினார்கள், தன் வயதை ஒத்த பெண்களோடு படுத்தாள். பதின்மூன்றாம் நாள் குழுமத்தின் முன்னால் பாப்பா ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். யாரும் பத்திரம் கேட்கவில்லை. தாயும் மகளும் பஸ் ஏறினார்கள்.

செயின் இன்றுவரை கிடைக்கவில்லை. அவள் எடுத்தாளா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. எடுக்கவில்லை என்று அவள் சொல்கிறாள். எடுத்திருந்தாலும் அந்த ஐம்பத்து மூன்று நாள் சரியாகிவிடாது.

விஷ்ணுப்ரியாவைக் கேம்ப் ரோடில் ஒரு கடையில் பார்த்தேன். வேதா அம்மாவுக்கு இடுப்பில் புண் வந்துவிட்டதாம். புதிதாக வருகிற பெண்கள் நிலைப்பதில்லையாம். "என் பொண்ணு இப்போ பத்தாவது படிக்கறா சிஸ்டர்," என்றார். "அவளுக்கும் இவளுக்கும் ஒரு வயசுதான் வித்தியாசம்னு தெரிஞ்சிருந்தா ஸ்டேஷனுக்கே போயிருக்க மாட்டோம். சும்மா விசாரிப்பாங்கன்னுதான் இவர் போனார்." உங்களுக்குத் தெரியாமல் மறைத்தது நாங்கள்தான் என்று சொல்லிவிட்டு, புண்ணை எப்படிக் கழுவ வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததோடு முடியவில்லை. நாலு மாதத்தில் முடிக்க வேண்டிய விசாரணை இரண்டரை வருடம் நடந்தது. போலீஸ் வராத நாள், சாட்சி வராத நாள், குழுமத்தில் ஆள் போதாத நாள். ஒவ்வொரு தேதிக்கும் மூன்று பஸ் மாறிப் போய், அடுத்த தேதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். கருவாடு காயப்போடும் வேலை தவிர அவளுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. மாதம் ஒரு நாள் எதற்கு லீவு என்று கேட்டால் என்ன சொல்வது? காலனியில் வேறு எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் ஒரு போலீஸ்காரர் குப்பத்துக்கு வந்து "பொண்ணு வூட்லதானே கீது?" என்று கேட்டுவிட்டுப் போனார். பாப்பா செம்பாக்கத்தை விட்டுவிட்டுப் படப்பைப் பக்கம் புது வாடிக்கை பிடித்தாள். ஜெயப்ரியா கேளம்பாக்கம் தாண்டித் தனியாக எங்கும் போகமாட்டாள்.

2010 ஜனவரியில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று உத்தரவு வந்தது. அந்தக் காகிதத்தில் அவள் வயது 16 என்று போட்டிருந்தது, சம்பவம் நடந்த நாளின் வயதைத்தான் எழுதுவார்கள் என்று சாவித்ரி விளக்கினார். அப்போது அவளுக்கு நிஜமாகவே பத்தொன்பது முடிந்திருந்தது.

இப்போது மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். சேர்ந்த அன்றைக்கு நானும் போயிருந்தேன், கேட்டுக்கு வெளியே நின்றேன். செக்யூரிட்டி பெரிய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"ஜெயப்ரியா."

"வயசு?"

அவள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஏசுபாதம் எழுதிக் கொடுத்த சான்றிதழ்.

"அத்த உள்ள ஆபீஸ்ல காட்டிக்க. இங்க வாயால சொல்லு போதும். வயசு இன்னா?"

பின்னால் நின்ற பெண்கள் நெருக்கினார்கள். அவள் நகரவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

"அதுல கீது சார்," என்றாள். "படிச்சி எழுதிக்கங்க."